ரயில் மாட்யூல் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் குறையைப் பிடிக்கும் வழி

வீட்டு மேசையில் மணிக்கணக்காகச் சிக்கலில்லாமல் ஓடிய மாடல் ரயில், தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும்போது தடம் புரளும். பெரும்பாலும் ரயிலில் குறை இருக்காது. தடம் பதித்த தனித்தனிப் பெட்டிகளான மாட்யூல்களைக் கழற்றி, வேனில் ஏற்றி, குண்டும் குழியுமான மண்சடக்கில் கொண்டுபோய், வேறொரு மேசையில் மறுபடி சேர்த்திருக்கிறோம். அதற்குள் ஏதோ ஒன்று மாறிவிட்டது. எது மாறியது என்று கண்டுபிடிக்கும் வழியை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். ஒரு பக்கம் ஈடிஎஸ் ரயில் ஓடும் மின்சார இரட்டைத் தடம், மறுபக்கம் செம்பனையும் மிச்சமிருக்கிற பால்மரமும். மாடல் கட்டுவதற்கு இதைவிட நல்ல ஊர் வேண்டாம். ஆனால் ஈரக் காற்று, வெயிலில் கொதிக்கும் வண்டி, தொய்ந்துபோன மடக்கு மேசை மூன்றும் இங்கே உண்டு. மாட்யூலுக்கு வரும் நோய்களில் பாதி இந்த மூன்றிலிருந்து வருபவை.

இங்கே நான் சொல்வது டி-டிராக் முறையை மனதில் வைத்து. 'என்' ஸ்கேலில் (இங்கே நிஜ ரயிலில் 150-இல் ஒரு பங்கு அளவு) காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளத்தைச் சின்ன மரப்பெட்டியின் மேல் ஒட்டி, பெட்டி பெட்டியாக மேசையில் சேர்ப்பது அது. ஒற்றைப் பெட்டியின் நீளம் 308 மில்லிமீட்டர். மேலே உள்ள தண்டவாளம் 248-ம் 62-ம் சேர்ந்து 310. அதாவது இரண்டு முனையிலும் ஒவ்வொரு மில்லி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தடங்களுக்கு நடுவே 33 மில்லி. தாமான் (குடியிருப்பு) வீட்டில் அலமாரியிலேயே அடுக்கிவிடலாம், மைவி காரின் பின் சீட்டில் ஏற்றிவிடலாம் என்பதால் நம் ஊருக்கு இதுதான் தோது. கால் வைத்த பெரிய மாட்யூல் கட்டுகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். மாறுகிற இடத்தில் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்: இடம் மாற்றிப் பாருங்கள்

"அண்ணே, இஞ்சினைத் துடைச்சுப் பாக்கட்டுமா?" உதவிக்கு வரும் பையன்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

"இஞ்சின் இருக்கட்டும் தம்பி. இந்தப் பெட்டியைத் தூக்கி அந்தக் கடைசியில வை."

ஒரு பெட்டியில் குறை தெரிந்தால் அந்தப் பெட்டியை வேறோர் இடத்துக்கு மாற்றுங்கள். குறை பெட்டியோடு கூடவே போனால் அது பெட்டிக்குள் இருக்கிறது. பழைய இடத்திலேயே நின்றுவிட்டால் மேசையையோ பக்கத்துப் பெட்டியையோ அங்கே வரும் வயரையோ சந்தேகப்படுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே இஞ்சினுக்கு மட்டும் வந்தால், சரி, அப்போது இஞ்சினைத் துடைக்கலாம். ஐந்து நிமிஷம் ஆகாது. இதைச் செய்யாமல் சாலிடரிங் இரும்பைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பெட்டியையும் மாற்றி, தண்டவாளங்களைச் சேர்க்கும் ஜாயிண்டரையும் மாற்றி, தண்டவாளத்தையும் துடைத்தால் ரயில் ஓடும். ஆனால் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த கண்காட்சியில் அதே குறை திரும்ப வந்து நிற்கும்.

இணைப்பில் தடம் புரள்கிறது

விரல் நகத்தைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, இணைப்பைத் தாண்டி இழுங்கள். அப்புறம் உள்பக்கமாக, அதாவது சக்கரத்தின் விளிம்பு உரசிக்கொண்டு போகும் பக்கமாக, இன்னொரு முறை இழுங்கள். நகம் தட்டுகிற இடத்தில் சக்கரமும் தட்டும். 'என்' ஸ்கேல் சக்கரத்தின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அரை மில்லி படி இருந்தால் அது ஏறி வெளியே இறங்கிவிடும்.

மேல்பக்கம் தட்டினால் உயரம் தப்பு. பெட்டியின் நான்கு மூலையிலும் உயரம் வைக்கும் போல்ட்டு இருக்கும்; பெட்டியை 70 மில்லியிலிருந்து 100 மில்லி வரை ஏற்றலாம். மண்டபத்து மடக்கு மேசை நடுவில் தொய்ந்திருக்கும். இரண்டு மேசை சேரும் இடத்தில் படி விழுந்திருக்கும். அதனால் வாசலுக்குப் பக்கத்து மேசையிலிருந்து வரிசையாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் எல்லா மேசையையும் பார்த்து, எது உயரமான இடம் என்று கண்டுபிடியுங்கள். அங்கே வைக்கும் பெட்டியின் போல்ட்டுகளை முழுக்க உள்ளே திருகி, அதை வைத்து மற்றவற்றை ஏற்றிக்கொண்டு வாருங்கள். பள்ளத்திலிருந்து தொடங்கினால் மேட்டுக்கு வரும்போது இறக்குவதற்குப் போல்ட்டில் இடம் இருக்காது. எல்லாவற்றையும் கலைத்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

எம்6 போல்ட்டு போட்டிருந்தால் ஒரு சுற்றுக்கு 1 மில்லி நகரும். கால் சுற்று, கால் மில்லி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு திருகினால் கண்ணை மூடிக்கொண்டு முறுக்கும் வேலை மிச்சம்.

நான்காவது போல்ட்டில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். மூன்று போல்ட்டை மேசையில் ஊன்றி ரசமட்டம் பார்த்துவிட்டு, நான்காவதை மேசையைத் தொட்டும் தொடாமலும் இறக்கி நிறுத்த வேண்டும். அதையும் முறுக்கி இறக்கினால் பெட்டி முறுக்கிக்கொள்ளும், கூடவே தண்டவாளமும். அப்போது இணைப்பில் நகம் தட்டாது, ஒரே இடத்தில் வைத்த ரசமட்டமும் சரியாகக் காட்டும், ஆனால் வண்டி தடம் புரளும். ஒரு மூலைச் சக்கரம் மட்டும் அந்தரத்தில் நிற்பதுதான் காரணம். ரசமட்டத்தைக் குறுக்கே இந்த முனையில் ஒருமுறை, அந்த முனையில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். குமிழி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும்.

பக்கவாட்டில் தட்டினால் வேறு கதை. ஒட்டும்போது தண்டவாளம் பெட்டியின் முனைக்குச் செங்குத்தாக உட்காரவில்லை. முனைப் பலகையில் மூலைமட்டத்தை ஒட்டி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சிலிக்கோன் போட்டு ஒட்டியிருந்தால் நைலான் நூலை அடியில் விட்டு அறுத்து, தண்டவாளத்தைக் கிளப்பித் திரும்ப ஒட்டலாம். கண் மட்டத்தில் மட்டும் ஒட்ட வேண்டாம். குழுவில் ஒரு பெட்டியை அளவுப் பெட்டி என்று ஒதுக்கி, அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகாமல், அடிபடாமல் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒட்டும் எந்தப் பெட்டியையும் அதோடு சேர்த்து, இணைத்த நிலையிலேயே பசை காயவிடுங்கள். அப்புறம் எந்தப் பெட்டியும் எந்தப் பெட்டியோடும் சேரும். கால் வைத்த பெரிய மாட்யூலில் தண்டவாளத்தைச் சமமாக்கும் வரை ஜி-கிளாம்பை இறுக்கிவிடக் கூடாது. தளர்வாகப் பிடித்து, நகத்தால் தடவி, பலகையை லேசாகத் தட்டி, கடைசியில்தான் இறுக்க வேண்டும்.

நகம் தட்டுகிறது, ஆனால் உயரமும் சரி, செங்குத்தும் சரி என்றால் ஜாயிண்டரைப் பாருங்கள். தண்டவாளத்தின் அடிப்பாகம் ஜாயிண்டரின் உலோக நாக்குக்குள் நுழையாமல் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கைப்பேசியைத் தண்டவாளத்தோடு படுக்க வைத்து, கேமராவை இணைப்பின் பக்கம் திருப்பி, எதிர்ப்பக்கம் டார்ச் அடியுங்கள். நுழைந்த தண்டவாளத்தின் அடியில் வெளிச்சம் வராது. ஏறி உட்கார்ந்ததன் அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும். அவசர அவசரமாகப் பெட்டிகளைத் தள்ளிச் சேர்க்கும்போது வருவது இது. சேர்க்கும்போது பெட்டியை மேசையில் தட்டையாக வைத்துத் தள்ளுங்கள். சாய்த்து வைத்துச் செருகாதீர்கள்.

கோச் மட்டும் கழன்றுகொள்கிறது

தடம் புரளாமல் நடு ரயில் அறுந்து பின்பாதி நின்றுவிடுகிறதென்றால் இணைப்பு மேடாக இருக்கிறது. ஒரு கொக்கி மேலே ஏற, அடுத்தது கீழே இறங்க, இரண்டும் விலகிப் போகின்றன. 30 சென்டிமீட்டர் எஃகு ஸ்கேலை இணைப்பின் மேல் நெடுக வையுங்கள். ஊசலாடினால் மேடு. இணைப்பின் இரு பக்கத்துப் போல்ட்டுகளையும் கால் சுற்று கால் சுற்றாக உள்ளே திருகி, பெட்டிகளைத் தாழ்த்துங்கள்.

பெட்டியும் பெட்டியும் முட்டிக்கொள்கின்றன, தண்டவாளம் சேரவில்லை

இது நம் நாட்டு நோய். 308-க்கும் 310-க்கும் உள்ள அந்த இரண்டு மில்லி இடைவெளிதான் தண்டவாளத்தைத் தண்டவாளத்தோடு சேரவிடுகிறது. மரம் ஈரம் குடித்து உப்பினால் முனைப் பலகைகள் முதலில் முட்டிக்கொள்ளும்.

தண்டவாளம் வெயிலில் நீண்டுவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. கணக்குப் பார்ப்போம். நிக்கல் சில்வர் தண்டவாளம் 310 மில்லி நீளத்துக்கு, சூடு 20 டிகிரி ஏறினாலும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் நீளும். பெரிய மாட்யூலில் 1.2 மீட்டருக்கு அரை மில்லிகூட வராது. குற்றவாளி மரம்தான்.

மரம் நாரின் நீளவாக்கில் அநேகமாக நகராது. நாருக்குக் குறுக்கே நன்றாக நகரும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ரப்பர் மரப் பலகையில் கட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அந்தப் பலகை சின்னச் சின்னக் கட்டைகளை ஒட்டிச் செய்தது. நார் ஒரே திசையில் ஓடும். அந்தத் திசை பெட்டியின் 308 மில்லி நீளத்தோடு போகும்படி வெட்டுங்கள். குறுக்கே வெட்டி வைத்தால் மழைக்காலத்தில் மில்லிமீட்டர் கணக்கில் உப்பி, இடைவெளியைத் தின்றுவிடும். பின்பக்கமாக உப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை.

ரப்பர் மரப் பலகை எனக்குப் பிடித்த பொருள். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். பால் வற்றி வெட்டிய மரத்தை ஒருகாலத்தில் விறகுக்குத்தான் போட்டார்கள். இப்போது அதே மரம் நாற்காலியாக, மேசையாகக் கப்பலேறுகிறது. தோட்டத்தைக் காட்டும் மாடலைத் தோட்டத்து மரத்திலேயே கட்டுவதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஆனால் சூளையில் உலர்த்தி, போரான் மருந்து ஏற்றிய பலகையாகப் பார்த்து வாங்குங்கள். மருந்தில்லாத ரப்பர் மரத்தில் நீலக் கறை ஏறும், துளைப்பான் பூச்சி மாவு மாவாகக் கொட்டும்.

பிளைவுட் இந்த விஷயத்தில் அடக்கமானது, ஏனென்றால் அதில் நார் அடுக்குக்கு அடுக்கு திசை மாறிப் படுக்கிறது. அதற்கு வருவது வேறு வியாதி: வளைவு. மேல்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்து, பசை பூசி, சரளை போட்டு, அடிப்பக்கத்தை வெறுமனே விட்டால் அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடிக்கும். கொஞ்ச நாளில் பெட்டி வில்லாக நிற்கும். அடிப்பக்கம், வெட்டிய விளிம்பு, போல்ட்டுத் துளையின் உள்சுவர் என்று எல்லா இடத்துக்கும் வார்னிஷ் போகட்டும். விளிம்புக்கு இரண்டு பூச்சு.

ஏற்கெனவே உப்பிவிட்டதா? உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். ஏர்கோன் அறையில் சில நாள் காயவிட்டு அளந்து பாருங்கள். 308-க்கு இறங்கிவந்துவிட்டால் வார்னிஷ் பூசினால் போதும். இறங்கவில்லை என்றால் மட்டும் முனையைத் தேய்த்துக் குறைத்து, அன்றைக்கே விளிம்பை மூடிவிடுங்கள். புதுப் பலகையானால் கடையிலிருந்து வந்ததும் வெட்டாமல், ஓரிரு வாரம் வீட்டுக்குள் கிடக்கவிட்டு வெட்டுவது நல்லது.

தூரம் போகப் போக வேகம் குறைகிறது

கண்ட்ரோலருக்குப் பக்கத்தில் பாய்ந்து, எதிர்க்கோடியில் நொண்டினால் வோல்ட் வழியில் விழுகிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "எல்லா இடத்திலும் 12 காட்டுதே" என்பார்கள். ரயில் ஓடாதபோது அப்படித்தான் காட்டும். கரண்டு ஓடினால்தான் வோல்ட் விழும். ரயில் ஓடும்போது, அது இருக்கும் பெட்டியிலேயே அளக்க வேண்டும்.

வயரின் கனம் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 10 மீட்டர் தூரம் என்றால் போக, வர 20 மீட்டர் வயர். 0.5 சதுர மில்லி மெல்லிய வயரில் 1 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். வீட்டு சாக்கெட்டுக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லி கனமானால் 0.15 வோல்ட்தான். ரயில் நாலைந்து வோல்ட்டில் மெதுவாக ஊரும்போது அந்த 0.8 பெரிய இழப்பு. ஆனால் வீட்டு வயரையே மாட்யூலுக்குப் போட வேண்டாம். அதன் கம்பிகள் தடித்தவை. கழற்றி மாட்டிச் சுருட்டினால் முறியும். அதே கனத்தில், நிறைய மெல்லிய இழைகள் உள்ள நெகிழ்வான வயராகக் கேட்டு வாங்குங்கள்.

வயர் கனமாக இருந்தும் விழுகிறதென்றால் இணைப்புகள்தான். தண்டவாளம் வழியாகவே கரண்டை வெகுதூரம் அனுப்பினால் ஒவ்வொரு ஜாயிண்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் விழும். அடியில் எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக ஒரு பஸ் வயர் ஓட்டி, சில பெட்டிகளுக்கு ஒருமுறை அதிலிருந்து தண்டவாளத்துக்கு ஃபீடர் வயர் கொடுங்கள். எந்த இணைப்பு மோசம் என்று தெரிய, ரயில் ஓடும்போது இணைப்பின் இந்தப் பக்கத் தண்டவாளத்தில் ஒரு முனையையும் அந்தப் பக்கம் அதே தண்டவாளத்தில் மறுமுனையையும் வைத்து அளங்கள். நல்ல இணைப்பில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். அரை வோல்ட் காட்டுகிற ஜாயிண்டரை நெருக்கிப் பார்க்க வேண்டாம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள்.

இரண்டு பெட்டியைச் சேர்த்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது

ஷார்ட். முதலில் தடத்திலிருந்து எல்லா வண்டியையும் எடுத்துவிடுங்கள். ஏதாவது ஒரு கோச் குறுக்கே கிடந்து செய்த வேலையாக இருக்கலாம். இல்லையென்றால் எங்கோ ஒரு ஃபீடர் வயர் மாறி மாட்டப்பட்டிருக்கிறது. டி-டிராக்கில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போகும் வரிசை: நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம். முன் தடத்துக்கு நீலம், வெள்ளை. பின் தடத்துக்கு வெள்ளை, நீலம். இரண்டு தடத்துக்கும் ஒரே வரிசைதானே என்று நினைத்து மாட்டினால் பின் தடம் மாறிப்போகும்.

நிறையப் பெட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு இருக்காதீர்கள். மொத்த வட்டத்தையும் இரண்டு பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் ஷார்ட் என்று மீட்டரால் பாருங்கள். அந்தப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரியுங்கள். 16 பெட்டியானாலும் நான்கே பிரிப்பில் ஆள் அகப்பட்டுவிடுவார். தண்டவாளத்தைப் பிரித்தால் போதாது, அடியில் ஓடும் பஸ் வயரையும் அந்த இடத்தில் கழற்ற வேண்டும்.

டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) போட்டிருப்பவர்கள் தலைகீழான சோதனை ஒன்றையும் செய்ய வேண்டும். இருபது காசை இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். தடத்துக்குக் கரண்டு தரும் பூஸ்டர் உடனே அதை நிறுத்த வேண்டும். எல்லாப் பெட்டியிலும், கடைசிப் பெட்டி வரை, வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பெட்டியில் நிற்காமல் காசு சுட்டால் அங்கே வயர் மெல்லியதாக இருக்கிறது அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. உண்மையான ஷார்ட் வரும் நாளில் அந்த இடத்தில்தான் பிளாஸ்டிக் உருகும். இதைக் கண்காட்சி திறப்பதற்கு முன் செய்யாமல் விடக் கூடாது.

விட்டு விட்டு ஓடுகிறது, விளக்கு மினுக்குகிறது

எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி மினுக்கினால் அழுக்கு. தண்டவாளத்தைத் துடைக்கிறோம், சக்கரத்தை மறந்துவிடுகிறோம். சக்கரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பிசின் ஒரே சுற்றில் தண்டவாளத்துக்குத் திரும்பிவிடும். இரண்டையும் சேர்த்துத் துடையுங்கள். மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். அதில் துடைத்தால் சீக்கிரமே மறுபடி கறுக்கிறது என்று பெயிண்ட் கடை ஒயிட் ஸ்பிரிட்டுக்கு மாறியவர்களும் உண்டு. எதுவானாலும் துணியில் நனைத்துத் துடையுங்கள், தடத்தில் ஊற்றாதீர்கள். தீக்குப் பக்கத்தில் வேண்டாம், காற்றோட்டம் இருக்கட்டும். மணல்தாள் மட்டும் கூடாது. அது போடும் கீறல்களில் அழுக்கு குடியேறும்.

காலையில் மட்டும் மினுக்கி, போகப் போகச் சரியாகிறது என்றால் அது பனிப்பு. ஏர்கோன் அறையில் குளிர்ந்து கிடந்த பெட்டியை வெளியே எடுத்தால், குளிர்பானப் புட்டியின் மேல் வேர்ப்பது போல, தண்டவாளம் வேர்க்கும். நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். ஏர்கோன் ஓடும் மண்டபத்திலிருந்து வேனுக்குக் கொண்டுபோகும்போதும் இதேதான். பெட்டியைப் பிளாஸ்டிக் உறைக்குள் மூடியபடியே வெளியே கொண்டுவந்து, சூடு சமமாகும் வரை ஒரு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். வேர்ப்பதெல்லாம் உறையின் வெளிப்பக்கம் வேர்த்துப் போகட்டும்.

இஞ்சின் முனகுகிறது, நகரவில்லை

கரண்டு போகிறது, மோட்டார் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. அந்த இஞ்சின் தோட்டத்துச் செம்மண் போட்ட பெட்டிகளில் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள்.

மண்சடக்கைக் காட்ட நிஜச் செம்மண்ணைவிட நல்ல நிறம் எந்த டப்பாவிலும் வராது. அதனால் அதைத்தான் போடச் சொல்வேன். ஆனால் அந்த மண்ணில் காந்தம் இழுக்கும் இரும்புத் துகள் இருக்கிறது. மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. உதிரும் துகளை இஞ்சின் தன் அடிவயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும்.

மண்ணை முதலில் வாணலியில் நன்றாக வறுத்து, பூச்சி முட்டையெல்லாம் போனபின், மெல்லிய துணியில் சலியுங்கள். வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ஒரு நல்ல காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மண்ணின் மேல் மெதுவாக, தொட்டும் தொடாமலும் நகர்த்துங்கள். பையின் அடியில் கறுப்பு மயிர் முளைத்த மாதிரி துகள் சிலிர்த்து நிற்கும். வேறொரு தாளின் மேல் கொண்டுபோய்ப் பையிலிருந்து காந்தத்தை உருவினால் அத்தனையும் பொலபொலவென்று விழும். மயிர் முளைப்பது நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சிவப்பு நிறம் குறையாது.

ஏற்கெனவே கட்டிய பெட்டியானால் அதே காந்தத்தைப் பையோடு தடத்தின் ஓரமாக இழுத்து, உதிரியாக இருப்பதை எடுத்துவிட்டு, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டு சொட்டாக விட்டு மண்ணைக் கட்டிவிடுங்கள். இஞ்சினை மட்டும் பிரித்துத் தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். காந்தம் பிடித்துக்கொண்ட துகள் ஊதினால் வராது. ஒட்டும் டேப்பால் ஒத்தி எடுக்க வேண்டும்.

கட்டடம் சாய்ந்திருக்கிறது, கூரை வளைந்திருக்கிறது

லயத்து வீடும் கோவில் கோபுரமும் முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் எடுத்தவையா? அது 60 டிகிரியை ஒட்டி இளகும். வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். வளைந்ததை வெந்நீரில் போட்டு நிமிர்த்திப் பார்க்கலாம். சுவர் நேராகும், ஜன்னல் சட்டம் நேராகாது. பெட்ஜி அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் மறுபடி அச்செடுப்பதே மேல். பெட்டிகளை வண்டியில் கடைசியாக ஏற்றி முதலில் இறக்குங்கள். சாப்பிட நிறுத்தினால் நிழலில் நிறுத்துங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டிய எதுவும் இந்தச் சூட்டில் நழுவும் என்பதால் கட்டடத்துக்கு அந்தப் பசையே வேண்டாம்.

மட்டை உரசுகிறது

வளைவில் ஓடும் நீளக் கோச் செம்பனை மட்டையில் பட்டு நிற்கிறது. நேர்த்தடத்தில் உரசாத கோச் வளைவில் உரசும்: நடுப்பகுதி உள்ளே தள்ளும், முனைகள் வெளியே வீசும். டி-டிராக் மூலைப் பெட்டியில் வெளித்தடத்தின் ஆரம் 315 மில்லி, உள்தடம் 282. அதனால் மரம் நடுவதற்கு முன் உங்களிடம் உள்ளதிலேயே நீளமான கோச்சைக் கையால் தள்ளி, அதன் மூலை போகும் கோட்டைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். எங்கள் குழுவில் சோதனைக் கோச் ஜப்பானின் 14 வரிசைத் தூங்கும் கோச். நிஜத்தில் சுமார் 21 மீட்டர் நீளம். 1:150 அளவில் 14 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த வரிசையில் சில கோச்சுகள் பிற்காலத்தில் மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்முக்கே வந்தன என்பதால் நம் தடத்தில் அது அந்நியமில்லை.

நிஜத் தோட்டத்தில் செம்பனையை முக்கோண வாக்கில் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். 1:150-இல் அது 60 மில்லி. இந்த அளவை விட்டுவிடாதீர்கள். நெருக்கி நட்டால் காடு மாதிரி இருக்கும், தோட்டம் மாதிரி இருக்காது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் எஃகுக் கம்பி வைத்து, பெட்டியில் புதைத்த சின்னக் குழாயில் செருகும்படி செய்தால், பயணத்துக்கு முன் எல்லாவற்றையும் பிடுங்கித் தனி டப்பாவில் போட்டுவிடலாம். மட்டை ஒடிவதும் நிற்கும், உரசுகிற மரத்தைக் கொஞ்சம் திருப்பி வைக்கவும் முடியும்.

பூஞ்சை, கரையான், பல்லி

புல்லிலும் சரளையிலும் வெள்ளையாகப் பூத்தால் பசைக்குள் ஈரம் இருக்கும்போதே பெட்டியை மூடி வைத்திருக்கிறீர்கள். ஆல்கஹால் தெளித்து, காய்ந்தபின் தூரிகையால் தட்டி எடுத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் திறந்து வையுங்கள். தேங்காய் நார், மரத்தூள், காய்ந்த லாலாங் புல் எல்லாவற்றையும் முன்கூட்டியே வறுத்தோ உலர்த்தியோதான் ஒட்ட வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், சுவரோடு சேர்த்து அடுக்காதீர்கள். கரையான் தரை, சுவர் வழியாகத்தான் வரும். பல்லி எச்சம் தண்டவாளத்தை அரிக்கும், ஆகவே அலமாரியில் துணி போர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சேமிக்கும் பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போடுகிறவர்கள் அதை மாதம் ஒருமுறை எடுத்துச் சூடாக்கி உலர்த்திவிட்டுத் திரும்பப் போட வேண்டும்.